மனைவியின் மூக்கு வீக்கமும் என் வாய்க்கொழுப்பும்

போன வருடம் மாசி மாதம், காரைக்குடியில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டில் நடந்தது இது. வெள்ளம், விபத்து, பாம்பு என்று பெரிதாக எதுவும் கிடையாது. ஒரே ஒரு வாய்தான் காரணம். அந்த வாய் என் முகத்தில்தான் இருக்கிறது.

நான் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். ஆத்தங்குடியில் கையால் செய்கிற, தரையில் பதிக்கிற பூக்கல்லை ஏற்றிக்கொண்டு, எங்கே வீடு கட்டுகிறார்களோ அங்கே போய் இறக்குவேன். எவ்வளவு பள்ளம் மேடு இருந்தாலும் ஒரு கல் உடையாது. பேச்சில்தான் எதை எங்கே போட்டு உடைப்பேன் என்று எனக்கே தெரியாது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேள்வி கேட்டால் பதில் வராது, ஆனால் வகுப்பே சிரிக்கிற மாதிரி ஏதாவது வரும். வாத்தியாரும் சிரிப்பார். சிரித்து முடித்துவிட்டுப் பிரம்பை எடுப்பார். கூடச் சிரித்தவர்கள் எல்லாம் படித்து வேலைக்குப் போனார்கள். சிரிக்க வைத்தவன் ஸ்டியரிங்கைப் பிடித்தேன்.

எனக்குப் போன் வந்தால் 'ஹலோ' என்று சொல்கிற பழக்கமே கிடையாது. "எமதர்மன் ஆபீசு, யாரை அனுப்பணும்?" என்பேன். பாதிப் பேர் சிரிப்பார்கள். மீதிப் பேர் ராங் நம்பர் என்று வைத்துவிட்டு வேறு வண்டியைக் கூப்பிட்டுக்கொள்வார்கள். அப்படிப் போன வாடகைகள் நிறைய. அதற்கும் நான் சிரித்துக்கொள்வேன்.

மூக்கு விஷயத்துக்கு வருகிறேன். என் மூக்கைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. முகம் செய்து முடித்த பிறகு மிச்சமிருந்த மாவை வீணாக்க வேண்டாம் என்று நடுவில் அப்பிவிட்ட மாதிரி இருக்கும். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. என் மனைவிக்கு அப்படியில்லை. சிறுமியாக இருந்தபோது அடிபம்பின் கைப்பிடி தெறித்து அடித்ததில் மூக்கெலும்பு இடது பக்கமாக ஒதுங்கி, அப்படியே கூடிவிட்டது. போட்டோ எடுக்கும்போதெல்லாம் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொள்வாள். எங்கள் கல்யாண ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் பொண்ணு யாரையோ தேடுகிற மாதிரியே இருக்கும். "ஓடிப்போக வழி பாத்துக்கிட்டு இருந்தியா புள்ள?" என்று கேட்பேன். "பாத்தேன், அதுக்குள்ள தாலி கட்டிட்டீக" என்பாள்.

அவள் ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறாள். அங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணாடி. வருகிறவர்கள் சேலையைத் தோளில் போட்டு அழகு பார்க்கும்போது, பின்னால் நிற்கிற இவள் முகமும் அதில் விழும். வருடக்கணக்கில் அதைப் பார்த்துப் பார்த்து ஒரு நாள் சாப்பாடு போடும்போது சொன்னாள்.

"ஏங்க, மூக்கை நேராக்கப் போறேன். மருதையில விசாரிச்சுட்டேன். நானே சேத்து வச்சிருக்கேன்."

நான் வழக்கம்போலச் சிரிக்க ஆரம்பித்து, அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் பாதியில் நிறுத்திக்கொண்டேன். ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள்.

"ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. இந்த வயசுல இவளுக்கு அழகு கேக்குதாக்கும்னு பேசுவாக. மூக்குல சதை வளந்துச்சு, எடுத்துட்டாகன்னு மட்டும் சொல்லுங்க. அதுக்கு மேல உங்க வாயிலேருந்து ஒரு வார்த்தை வரப்படாது."

"சத்தியமா வராது" என்று தலையில் அடித்துச் சொன்னேன்.

மதுரையில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸம்மா என்னை நிற்க வைத்துப் பாடம் எடுத்தார். படுக்கும்போது தலையை உயர்த்தி வைக்க வேண்டும். துணியில் சுற்றிய ஐஸைக் கன்னத்திலும் கண்ணைச் சுற்றியும் வைத்து வைத்து எடுக்க வேண்டும், மூக்கின் மேல் வைக்கக் கூடாது. சூட்டு ஒத்தடம், ஆவி பிடிப்பது எதுவும் கூடாது. குனியக் கூடாது, மூக்குச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். சாப்பாட்டில் உப்பைக் குறைக்க வேண்டும், உப்பு ஏறினால் வீக்கம் வடியாது. இவ்வளவும் சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்கு முதல் நாள்தான் நான் வார்டில் பேசின பேச்சில் பக்கத்துக் கட்டில்காரம்மா சிரித்துச் சிரித்துத் தையல் வலிக்கிறது என்று கத்தியிருந்தார்.

"முக்கியமா, இவங்களைச் சிரிக்க வைக்காதீங்க. அழவும் விடாதீங்க. ரெண்டும் மூக்குக்கு ஆகாது."

வீட்டுக்கு வந்த பிறகுதான் அவள் முகத்தை நல்ல வெளிச்சத்தில் பார்த்தேன். மூக்கின் மேல் வெள்ளையாக ஒரு கட்டு. அதற்கு இரண்டு பக்கமும், கண்ணுக்குக் கீழே, நாவல்பழத்தை நசுக்கித் தேய்த்த மாதிரி கருநீலம். கண் இரண்டும் வீங்கிக் கோடாக இருந்தன. எலும்பை நகர்த்தினால் இப்படித்தான் இருக்கும், தானாக வடியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனாலும் பார்க்கப் பகீர் என்றது.

சமையல் என் தலையில் விழுந்தது. உப்பைக் குறைக்கச் சொன்னார்கள், நான் உப்பையே மறந்தேன். நான் வைத்த ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, "இதுக்கு வெந்நியே குடிச்சிருக்கலாமே" என்றாள். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் ஐஸ் உறைவதற்குள் வீக்கமே தானாக வடிந்துவிடும் என்பதால், மீன் கடையில் போய்ப் பெரிய ஐஸ் கட்டி வாங்கி வந்தேன். அதைக் குழவியால் உடைத்து, கழுவி, பிளாஸ்டிக் பையில் கட்டி, துணியில் சுற்றிக் கொடுப்பேன். எவ்வளவு கழுவினாலும் பையில் சீலா மீன் வாசம் இருந்தது. அவளுக்கு மூக்கு அடைத்திருந்ததால் தெரியவில்லை. அந்த வேடிக்கையை அவளிடமே சொல்ல முடியாமல் துண்டை வாயில் வைத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன்.

அதுதான் பிரச்சினை. காலையில் எழுந்ததிலிருந்து பேசிக்கொண்டே இருப்பவன் நான். வீட்டுக்குள் சிரிப்பு கூடாது என்றதும், சொல்லாத பேச்செல்லாம் தொண்டையில் வந்து நின்றது. எங்கேயாவது இறக்கியே ஆக வேண்டும். டீக்கடையில் இறக்கினேன்.

பால் ஊற்ற வந்த அம்மா அன்று காலையில் கதவு இடுக்கில் என் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டார். நான் டீக்கடைக்குப் போவதற்கு முன்னால் செய்தி போய்விட்டது. டீ மாஸ்டர் கேட்டார்.

"என்னப்பா, வீட்ல தங்கச்சி மூஞ்சியெல்லாம் கன்னிப் போயிக் கெடக்குதாம்?"

மூக்கில் சதை வளர்ந்தது, எடுத்துவிட்டார்கள். இதைத்தான் சொல்ல வேண்டும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆள் கூடிவிட்டால் எனக்குள் வேறு ஒருவன் வந்துவிடுவான்.

"கொழம்புல உப்புப் பத்தலை. ஒரே குத்து" என்றேன்.

கடையே சிரித்தது. ஏன் சிரித்தார்கள் என்றால், நான் மனைவிக்குப் பயந்தவன் என்பது தெருவுக்கே தெரியும். கோழியை விரட்டக்கூடக் கை ஓங்காத ஆள் என்று எல்லோருக்கும் தெரியும். அப்படித்தான் நான் நினைத்தேன்.

எங்கள் அடுத்த வீட்டுக்காரரும் அங்கே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். ஆபீஸ் வேலை பார்க்கிறவர். எப்போதும் தேய்த்த சட்டை. குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. என்னை விட வயது குறைந்தவர்தான், ஆனால் நான் 'சார்' என்பேன், அவர் என்னை 'அண்ணே' என்பார். தெருவில் புருஷனோடு சண்டை போடுகிற பெண்கள் அவரைக் காட்டித்தான் பேசுவார்கள், அந்த மனுசனைப் பார்த்துக் கத்துக்கங்க என்று. அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, சிரித்த முகமாகச் சொன்னார்.

"என்னண்ணே, வெவரம் இல்லாத ஆளா இருக்கீக? மொகத்துலயா வைக்கிறது? நாலு பேரு பாக்குற எடம்."

மறுபடியும் ஒரு சிரிப்பு. எல்லோரையும் விட நான்தான் உரக்கச் சிரித்தேன். "ஆத்தி, சார் நம்மளையே தூக்கிச் சாப்பிட்டுட்டாருப்பா!" என்று அவரிடம் கையை நீட்டினேன். அவரும் கொடுத்தார். மெத்தென்ற கை, சோப்பு வாசம் அடித்தது. ஒரு டீக்கும் நானே சொன்னேன்.

அன்றைக்குப் பூராவும் தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். தவிட்டை வறுத்துத் துணியில் முடிந்து ஒருத்தர் கொண்டுவந்தார். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துச் சூடாக்கிப் பத்துப் போடச் சொன்னார் இன்னொருத்தர். நொச்சி இலை போட்டு ஆவி பிடித்தால் நீரெல்லாம் இறங்கிவிடும் என்று ஒரு கட்டு இலையையே கொண்டுவந்து போட்டார் மூன்றாமவர். எங்கள் பக்கத்தில் வீக்கம் என்றால் சூடுதான் மருந்து. எனக்கே ஒரு கட்டத்தில், நர்ஸம்மா தப்பாகச் சொல்லிவிட்டாரோ, தவிட்டு முடிச்சை ஒரு தடவை வைத்துப் பார்க்கலாமோ என்று கை பரபரத்தது. மனைவி முறைத்ததால் தப்பித்தோம். எல்லோருக்கும் தலையை ஆட்டி, எல்லாவற்றையும் வாங்கி ஓரமாக வைத்துக்கொண்டாள். சதை எடுத்த ஆபரேஷனுக்கு இவ்வளவு பாசமா என்று அவளுக்கே ஆச்சரியம். வந்தவர்கள் போகும்போது என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார்கள். என் காமெடி அவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று எனக்கு உள்ளுக்குள் குளிர்ச்சியாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் சாப்பிட வந்தவன், அடுப்படியில் உட்கார்ந்து ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் மனைவி தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், அடுத்த வீட்டு சாரின் மனைவி. வந்து குடியேறியதிலிருந்து ஒரு தடவைகூட அந்தப் பெண் எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, "நல்லா இருக்கீகளாக்கா" என்று கேட்பதோடு சரி. வெயிலிலும் கை மறைகிற மாதிரி நீளக்கை ரவிக்கைதான் போட்டிருப்பாள். ஸ்டைல் என்று நினைத்திருந்தேன்.

"எந்திரிக்காதீகக்கா. அப்படியே சாஞ்சிருங்க" என்று சொல்லிக்கொண்டே தரையில் உட்கார்ந்தாள். மடியிலிருந்து சிவப்பாக ரப்பர் பை ஒன்றை எடுத்தாள். மூடி போட்ட ஐஸ் பை. "இதை வச்சுக்கங்க. தண்ணி ஒழுகாது, ரொம்ப நேரம் நிக்கும்."

மனைவி கன்னத்தில் அதை அவளே வைத்துப் பிடித்தாள். அப்புறம் பேச ஆரம்பித்தாள். அடுப்படியில் எனக்கு எல்லாம் கேட்டது.

"தவிட்டு ஒத்தடம்லாம் குடுக்காதீகக்கா. சூடு பட்டா இன்னும் பொங்கும். இப்பத்திக்கு ஐஸ்தான். தலையைத் தாழ்த்திப் படுக்காதீக, கண்ணுல நீர் கோத்துக்கும். ஊறுகா, கருவாடு பக்கமே போகாதீக. இந்தக் கறுப்பு அப்படியே பச்சையாகும், பொறவு மஞ்சளா வரும். மஞ்சளா வந்துட்டாப் பயமில்லை, பவுடர் போட்டு மறைச்சிரலாம். கண்ணுகிட்டருந்து போடாதீக, திட்டாத் தெரியும். காதோரத்துலருந்து இழுத்துப் போடணும். மொதல்ல அழாதீக. அழுதா மூக்கு அடைச்சுக்கிட்டு வீக்கம் ஏறும்."

பரவாயில்லையே, நர்ஸம்மா சொன்னதை ஒரு வரி விடாமல் சொல்கிறதே இந்தப் பிள்ளை, நர்ஸுக்குப் படித்திருக்கும் போல என்று நினைத்தேன். இதுதான் என் புத்தி.

என் மனைவிதான் கேட்டாள். "ஊரே சூடு வையிங்கிறாக. ஒனக்கு மட்டும் எப்புடித்தா இம்புட்டும் தெரியுது?"

ஐஸ் பைக்குள் தண்ணீர் அசைகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அந்தப் பெண் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"தெரியாமப் போகுமாக்கா? கல்யாணமான புதுசுல எனக்கும் மொகத்துலதான். வெளிய போக முடியாது. பொறவு அவுக வெவரமாயிட்டாக. இப்பல்லாம் மறைவான எடமாப் பாத்துத்தான்."

என் கையில் இருந்த குழவி அப்படியே நின்றது. நாலு பேரு பாக்குற எடம். சோப்பு வாசம் அடித்த அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினேனே, அது ஞாபகம் வந்தது.

அவள் பேசிக்கொண்டே போனாள். "அண்ணன் டீக்கடையில சொன்னாகளாம், உப்புப் பத்தலைன்னு அடிச்சேன்னு. எங்க வீட்ல அவுக வந்து சொல்லிச் சிரிச்சாக. 'பாத்துக்க, ஊரையே சிரிக்க வைக்கிற ஆளு வீட்லயே இதுதான். நான் என்ன ஒலகத்துல இல்லாததையா செஞ்சுட்டேன்?'னாக. ராவெல்லாம் உங்க நெனப்புத்தான்க்கா. தப்பா எடுத்துக்காதீக, ஒரு பக்கம் எனக்கு ஆறுதலாக்கூட இருந்துச்சு. நான் மட்டும் இல்லேன்னு."

தலையணை சரிகிற சத்தம் கேட்டது, என் மனைவி அவள் பக்கம் நகர்ந்திருக்க வேண்டும்.

"மகளிர் ஸ்டேசன் எங்குட்டு இருக்குன்னு எனக்குத் தெரியும். வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பியிருக்கேன். தனியா உள்ள நொழைய முடியலக்கா. என்னன்னு சொல்றது, அவுகளைப் பாத்தா யாரு நம்புவாக? நீங்க வந்தீகன்னா நானும் வருவேன். ரெண்டு பேராப் போனாத் தைரியம் வரும். போவோமாக்கா?"

கதவோரமாக எட்டிப் பார்த்தேன். என் மனைவி அவள் கையைத் தன் கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தாள். வீங்கின கண்ணைத் திருப்பி என்னைப் பார்த்தாள். வராதே என்கிற மாதிரி, தலையை லேசாக அசைத்தாள்.

நான் அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். மனைவி என்ன சொல்கிறாள் என்பதும் புரிந்தது. ஆனால் அந்த நேரத்தில் என் மண்டைக்குள் ஓடியது ஒன்றே ஒன்றுதான். ஐயோ, இந்தப் பிள்ளை என்னைப் பொண்டாட்டியை அடிக்கிறவன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறதே! தெருவே அப்படி நினைக்கிறதோ! என் பேர் என்னாவது!

விழுந்தடித்து வெளியே ஓடினேன். குழவியைக் கீழே போடக்கூடத் தோன்றவில்லை. கையில் குழவியோடு ஒருவன் திடீரென்று ஓடி வந்தால் எப்படி இருக்கும்? அந்தப் பெண் வாய் திறந்து கத்தவில்லை. சுவரோடு ஒட்டிக்கொண்டு, முழங்கையை மடக்கித் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டாள். யோசித்துச் செய்த மாதிரி இல்லை. கண்ணில் தூசி விழப்போனால் இமை மூடுமே, அப்படி.

அதைப் பார்த்த பிறகாவது நான் வாயை மூடியிருக்கலாம்.

"ஐயையோ தங்கச்சி! நான் அடிக்கலத்தா! ஈ எறும்பைக்கூட அடிச்சதில்லை நானு! இது அழகு ஆபரேசன்! மருதையில போயி மூக்கை நேராக்கிட்டு வந்திருக்கா! டீக்கடையில சும்மா வெளாட்டுக்குச் சொன்னேன்!" என்று சொல்லி, அந்த அசட்டுச் சிரிப்பையும் சிரித்து வைத்தேன்.

அவள் கையை மெதுவாக இறக்கினாள். என்னைப் பார்க்காமல் என் மனைவியைப் பார்த்தாள். மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். குனியக் கூடாது என்று நர்ஸம்மா சொன்னது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது, பாருங்கள்.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்ணின் முகத்தில், சுவருக்கு அந்தப் பக்கம் நின்று சிரிக்கும் அதே சிரிப்பு வந்து உட்கார்ந்துகொண்டது.

"அப்படியாண்ணே. நல்லதுண்ணே" என்றாள். எழுந்து சேலையை உதறிச் சரிசெய்தாள். "நானும் வெளாட்டுக்குத்தாண்ணே சொன்னேன். அக்காவுக்குப் பொழுதுபோகட்டும்னு."

வாசல் வரைக்கும் போனவள் திரும்பி வந்தாள். என் மனைவியின் கன்னத்துப் பக்கம் கிடந்த சிவப்பு ஐஸ் பையை எடுத்தாள். "இதை மட்டும் எடுத்துக்கிறேன்க்கா. எங்க வீட்ல இது ஒண்ணுதான் இருக்கு" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அப்புறம் என் மனைவி அழுதாள். நான் கெஞ்சினேன், காலைப் பிடித்தேன், மூக்குக்கு ஆகாது புள்ள என்றேன். நிற்கவில்லை. கட்டுக்குக் கீழே இரத்தம் கசிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டால் நர்ஸம்மா, "சிரிக்க வச்சீங்களா, அழ வச்சீங்களா?" என்று கேட்டார். உடனே கார் பிடித்து மதுரைக்குப் போனோம். நல்லவேளை, எலும்பு நகரவில்லை. ஆனால் வடிந்துகொண்டிருந்த வீக்கம் மறுபடி ஏறி, சீக்கிரம் போயிருக்க வேண்டிய கருநீலம் நெடுநாள் தங்கிவிட்டது. திரும்பி வரும்போது காரில் ஒரே ஒரு தடவைதான் பேசினாள்.

"நான் அவகூடப் போயிருப்பேங்க. என் புருசனும் அடிச்சான்னு எழுதிக் குடுத்துக்கூட அவளை உள்ள கூட்டிட்டுப் போயிருப்பேன். பொறவு உங்களை வந்து மீட்டுக்கிட்டிருக்கலாம். உங்க பேரு ஒரு நாளைக்குக் கெட்டா என்ன கொறைஞ்சு போயிருவீக?"

எனக்கு அப்படித் தோன்றவே இல்லை. அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

மறுநாள் டீக்கடையில் எல்லோருக்கும் முன்னால் உண்மையைச் சொன்னேன். ஆபரேஷன்தான், நான் அடிக்கவில்லை, விளையாட்டுக்குச் சொன்னேன் என்று. மனைவி கட்டிக்காத்த ரகசியத்தையும் தெருவில் கொட்டியாயிற்று. ஒருத்தரும் நம்பவில்லை. "சரி விடப்பா, குடும்பம்னா அப்படி இப்படித்தான்" என்றார் டீ மாஸ்டர். சார் வழக்கம்போல டீயைக் குடித்துவிட்டு என் தோளில் தட்டிக்கொடுத்தார். அந்தக் கையைப் பிடித்து நாலு வார்த்தை கேட்கலாம் என்று வாயெடுத்தேன். மனைவி முன்பே சொல்லியிருந்தாள், "நீங்க அவுககிட்ட ஒரு கேள்வி கேட்டீகன்னா, அதுக்குப் பதிலு அவ ஒடம்புல விழும்" என்று. வாழ்க்கையில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு டீயைக் குடித்தேன். மூட வேண்டிய அன்றைக்கு மூடாமல், இன்றைக்கு மூடி என்ன செய்ய?

என் மனைவி விடவில்லை. கொஞ்சம் நடமாட ஆரம்பித்ததும் சுவரோரம் போய் நின்று கூப்பிட்டுப் பார்த்தாள். "நான் வாரேத்தா, நாம போவோம்" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தாள். "எங்கக்கா? அடுப்புல பால் இருக்கு" என்று அந்தப் பெண் உள்ளே போய்விடுவாள். அப்புறம் கொடியில் துணி காயப் போடுவதைக்கூட நாங்கள் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்தாள்.

வைகாசியில் சாருக்கு மாற்றல் வந்தது, சிவகங்கைக்கு. சாமான் ஏற்ற என் வண்டியைத்தான் கூப்பிட்டார். மாட்டேன் என்று சொல்ல நினைத்தேன். மனைவி, "போங்க, எந்த வீடுன்னாவது தெரிஞ்சுக்குவோம்" என்றாள். கட்டில், பீரோ, பாத்திரம் எல்லாம் ஏற்றியாயிற்று. சார், வீட்டுச் சொந்தக்காரரிடம் சாவி கொடுக்கப் போயிருந்தார். ஃபிரிட்ஜைத் தூக்குவதற்கு முன்னால் அந்தப் பெண் வந்து, மேல் கதவைத் திறந்து, அந்தச் சிவப்பு ஐஸ் பையை எடுத்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். மற்றதெல்லாம் வண்டியில் வரலாம், அது மட்டும் கையோடு.

எனக்கு இதுதான் சமயம் என்று தோன்றியது. மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னேன்.

"தங்கச்சி, என் நம்பரு வண்டி முன்னாடியே எழுதியிருக்கு. மனசுல வச்சுக்க. எந்த நேரம்னாலும் ஒரு போன் போடு. லோடைப் பாதி வழியில எறக்கிப் போட்டுட்டு வந்துருவேன். ஒங்க அக்காவையும் கூட்டிட்டு வருவேன்."

அவள் என் முகத்தை நேராகப் பார்த்தாள். அங்கே குடியிருந்த காலத்தில் அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"இதுவும் வெளாட்டுத்தானாண்ணே?"

இல்லை என்று சொன்னேன். ஆனால் என் குரலில் அந்த வார்த்தை எப்படி ஒலிக்கும் என்று எனக்கே நம்பிக்கை இல்லை. இத்தனை வருடமாக நான் சொன்ன எதை வைத்து அவள் நம்புவாள்? அதற்குள் சார் வந்துவிட்டார். அவள் வண்டி முன்பக்கத்தைப் பார்த்தாளா, நம்பரைப் படித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை.

என் மனைவிக்கு மூக்கு நேராகிவிட்டது. சின்னதாக ஒரு மூக்குத்தியும் போட்டுக்கொண்டாள், கண்ணாடிக்கு முன்னால் நேராக நிற்கிறாள். மீன் கடை ஐஸ் விஷயத்தை ஒரு நாள் சொன்னேன், தலையில் குட்டினாள், சிரித்தாள். ஆனால் போட்டோ எடுக்கலாம் வா என்றால், சுவருக்கு அந்தப் பக்கம் காலியாகக் கிடக்கும் வீட்டைப் பார்த்துவிட்டு, "பொறவு எடுத்துக்கலாம்" என்கிறாள். சிவகங்கைக்கு லோடு கிடைத்தால் இரண்டு பேரும் போய் அந்த வீட்டு வழியாக வருவோம். கதவு சாத்தியே இருக்கிறது.

இன்றைக்கும் வண்டி ஓட்டும்போது தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால், எமதர்மன் ஆபீஸ் எல்லாம் திறப்பதில்லை. ஓரமாக நிறுத்தி, இஞ்சினை அணைத்துவிட்டு, "சொல்லுத்தா" என்று மட்டும் சொல்கிறேன், அந்தப் பக்கம் பேசுவது கல் ஏற்ற வண்டி வாடகை கேட்கிற மேஸ்திரியாக இருந்தாலும்.